கடைசி இடம் யாருக்கு: நோஸ் டேக்கிளா, எட்ஜ் ரஷரா?

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். அணிகள் ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும்போது டிஃபென்சிவ் லைனில் (தடுப்பாட்டத்தின் முன்வரிசையில்) பெரும்பாலும் ஒன்பது, பத்துப் பேர்தான் தங்குவார்கள். முதல் எட்டு பேர் யாரென்று முன்பே தெரிந்துவிடும். இழுபறி கடைசி இடத்துக்குத்தான். நடுவில் மலை மாதிரி நின்று எதிரணி பந்தோடு ஓடுவதை அடைக்கும் அனுபவசாலி நோஸ் டேக்கிளா, ஓரத்திலிருந்து, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மேல் பாயும் இளம் எட்ஜ் ரஷரா? ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வருஷாவருஷம் நானும் ஒரு பட்டியல் போடுவேன். அதில் என் ஓட்டு எட்ஜ் ரஷருக்கு.

நோஸ் டேக்கிள் வேண்டாம் என்பதல்ல. 2022 இல் ஜோர்டன் டேவிஸ் கணுக்காலில் அடிபட்டு உட்கார்ந்ததும் ஈகிள்ஸின் நடுப்பகுதி ஆட்டம் கண்டது. எட்டு வெற்றிக்குப் பின் வந்த முதல் தோல்வியில் வாஷிங்டன் 49 முறை பந்தோடு ஓடியது. சரி, அப்புறம்? அதே வாரத்தில் லின்வால் ஜோசப்பும் என்டாமுகன் சூவும் வந்து சேர்ந்தார்கள். இருவருமே அப்போது எந்த அணியிலும் இல்லாதவர்கள். டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர வாய்ப்பு) ஒன்றும் செலவாகவில்லை. அதே சீசனில் நான்காம் சுற்று பிக் கொடுத்து வாங்கிய எட்ஜ் ரஷர் ராபர்ட் குவின், ஈகிள்ஸுக்கு ஒரு சாக்கூட (பந்தை வீசுமுன் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது; இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை) எடுக்கவில்லை.

எனக்கு முடிவைச் சொல்வது வேவர்ஸ் விதி. நான்கு சீசன் முடிக்காத பையனை நீக்கினால் மற்ற 31 அணிகளுக்கும் அவனைக் கேட்டுப் பெற ஒரு நாள் அவகாசம் உண்டு. பயிற்சி ஆட்டங்களில் கண்ணில் பட்டவன் என்றால் யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். நான்கு சீசன் முடித்தவருக்கு ஆகஸ்டில் வேவர்ஸ் கிடையாது. அவரை நீக்கி, பேசிவைத்தபடி மறுநாளே பிராக்டிஸ் ஸ்குவாடில் (53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் குழுவில்) சேர்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஆட்டத்துக்கு இருவரை மேலே கொண்டுவரலாம். ஒரே ஆளை சீசனில் மூன்று முறை. ஓட்டத்தையே நம்பி ஆடும் எதிரணி வரும் வாரங்களுக்கு இது தாராளம். அவர் மனம் மாறி வேறு அணிக்குப் போகலாம்தான். போனாலும் நவம்பரில் இன்னொரு ஜோசப் கிடைப்பார்.

பாய்கிறவனை வளர்க்கத்தான் வேண்டும். 2018 டிராஃப்டின் நான்காம் சுற்றில் வந்த எட்ஜ் ரஷர் ஜாஷ் ஸ்வெட் முதல் சீசனில் ஒரு சாக்கும் எடுக்கவில்லை. அன்று அவரை விட்டிருந்தால், 2025 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை இரண்டரை முறை சாய்த்தது வேறு யாராக இருந்திருக்கும்? அந்த ஆட்டத்தில் ஈகிள்ஸ் பிளிட்ஸே (குவார்ட்டர்பேக் மேல் பாய வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்கள்) அனுப்பாமல் ஆறு சாக் எடுத்து 40-22 என்று ஜெயித்தார்கள்.

நான் ஊன்றிப் பார்ப்பது இந்த ஒரு அணியைத்தான். 3-4 அமைப்பில் (முன்வரிசையில் மூவர், பின்னால் நால்வர்) நோஸ் டேக்கிளையே அச்சாணியாக வைத்து ஆடும் அணிகளில் இந்தக் கணக்கு எவ்வளவு எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: பையன் பந்தை உதைத்து அனுப்பும் கிக்ஆஃப், பன்ட் ஆட்டங்களிலும் ஓட வேண்டும். ஆட்ட நாளில் அதிகபட்சம் 48 பேர்தான் களமிறங்கலாம். அதற்கும் உதவாதவன் என்றால் என் ஓட்டு பெரியவருக்கே.