கசட் கொடுத்தால் கதையும் வரும்: திருகோணமலையில் ஒரு பதிவுக்கடை

பழைய கசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிற ஆள் இப்போது எங்கே கிடைக்கிறார்? டச்சு வளைகுடாப் பக்கம் போகிற ஓர் ஒழுங்கைக்குள் இன்னும் ஒருவர் இருக்கிறார். பலகையில் பெயர் அழிந்துவிட்டது, கசட்கடை என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். அப்பாவின் கசட்டுகள் ஒரு பை நிறையக் கிடந்தன, அதனால் போனேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். கடற்காற்றுக்கு நம்மூர்க் கசட்டுகள் படுகிற பாடு தெரியும்தானே, நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னத் தகடு துருவேறியிருக்கும், சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். அண்ணை திருகாணிகளைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றி, பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்த பிறகுதான் போடுகிறார். இரைச்சலை அதிகம் குறைக்கமாட்டார், குறைத்தால் ஜானகியம்மாவின் மூச்சும் சேர்ந்து போய்விடுமாம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

60 நிமிட நாடாவைப் பதிய 60 நிமிடமும் வேண்டும், அவசரப்படுத்த முடியாது. கதை வருவது அந்த நேரத்தில்தான். ‘மயக்கமா கலக்கமா’ ஓடும்போது, சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்ப இருந்த வாலி, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தக் கண்ணதாசன் பாட்டைக் கேட்டு மனம் மாறியதைச் சொன்னார். அது வாலியே சொன்ன கதை. ‘கண்ணே கலைமானே’ வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது: கவிஞர் 1981 ஒக்டோபரில் காலமாகிவிட்டார், ‘மூன்றாம் பிறை’ வந்தது 1982இல், அவர் திரைக்கு எழுதிய கடைசிப் பாட்டு அதுதான். எழுதவைத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர் என்பதைச் சொல்லும்போது மட்டும் மனுசனுக்கு ஒரு பெருமை, ஏதோ தன் சித்தப்பா மகனைப் பற்றிப் பேசுவதுபோல. நம் பொப் பாடல்கள் வந்துவிட்டால் இன்னும் உற்சாகம். ‘சின்ன மாமியே’ என்றதும் ஏ.ஈ.மனோகரன் என்று வாய்விட்டால் போச்சு, நித்தி கனகரத்தினம் என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. பாட்டுப் பிறந்த கதை என்று இணையத்தில் கண்டதையும் அவிழ்த்துவிடுகிறார்களே, இவர் அப்படியில்லை. பக்கத்தில் நின்ற பொடியன் கேட்டான்: “அண்ணை, ‘அண்ணன் என்னடா தம்பி என்னடா’ கவிஞருக்குத் தமையன் காசு குடுக்காத கோபத்தில எழுதினதாமே?” அதற்கு இவர், “அப்பிடித்தான் சொல்லுறாங்கள். நீர் முதல்ல ‘பழநி’ படத்தைப் பாரும். அந்தக் கட்டத்துக்கு வேற எதைத்தான் எழுதுறது?” என்றார்.

பென் டிரைவோடு ஒரு தாளும் தருகிறார், பாட்டு, படம், ஆண்டு, எழுதியவர், பக்கத்தில் ஒரு வரிக் கதை, எல்லாம் கையெழுத்தில். உறுதியில்லாத கதைக்கு முன்னால் சிவப்புப் பேனையால் ‘கே’ என்று போட்டிருக்கும், கேள்விப்பட்டது என்பதற்கு. எனது தாளில் கண்ணதாசன் பாட்டுகளில் பாதிக்கு மேல் ‘கே’!

குறைகளும் உண்டு. கூலி எங்கும் எழுதிவைக்கவில்லை, பூஞ்சணம் பிடித்ததற்குக் கூடுதலாக வாங்குகிறார், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். புதுப்பாட்டுக்குக் கதை எதிர்பார்க்க வேண்டாம், ரஹ்மான் என்றால் ‘ரோஜா’வோடு நிறுத்திவிடுவார். அப்புறம், கதை சூடுபிடித்துவிட்டால் நாடாவின் பக்கம் முடிந்ததே தெரியாது அவருக்கு. எனது ஒரு கசட்டில் கடைசிக் கால்மணி நேரம் வெறும் இரைச்சல். சொன்னதும் முகம் சுளிக்காமல், காசு கேட்காமல் திரும்பப் பதிந்து தந்தார். ஆகவே அங்கேயே போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பகல் சாப்பாட்டு நேரம் கடை பூட்டு, பின்னேரம் போவது நல்லது.