1000-ஆ, 1024-ஆ? ஜிபி கணக்கில் யாரை நம்புவது

கணினியில் தகவலை அளக்கிற அலகு பைட். அந்தப் பைட் கணக்கில் சண்டை 1000-க்கும் 1024-க்கும் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போட்டியில் மூன்று பேர். முதலாவது, மீட்டருக்கும் கிராமுக்கும் இருக்கிற அதே கிலோ, மெகா, ஜிகா: படிக்குப் படி 1000 மடங்கு, 1 ஜிபி என்றால் சரியாக 100 கோடி பைட். இரண்டாவது, 1024 மடங்கு, ஆனால் அதற்கென்று கிபி, மெபி என்று தனிப் பெயர் வரிசை. சுருக்கி எழுதும்போது நடுவில் ஒரு ஐ சேர்த்து எம்ஐபி, ஜிஐபி என்பார்கள். மூன்றாவதுதான் வில்லங்கம். கணக்கு 1024-இல் நடக்கும், பெயர் மட்டும் பழைய எம்பி, ஜிபி. விண்டோஸ் இன்றுவரை இப்படித்தான் காட்டுகிறது.

1024-ஐ யாரும் வேண்டுமென்று கண்டுபிடிக்கவில்லை. மெமரி சிப்பில் எந்த இடம் என்று சுட்டிக்காட்டும் முகவரிக் கம்பி 10 இருந்தால் 2-ஐப் பத்து முறை பெருக்கின அளவு, அதாவது 1024 இடங்களைத்தான் சுட்ட முடியும். அதனால் ரேம் என்று வந்துவிட்டால் 1024 கணக்குதான் இயல்பு. 8 ஜிபி ரேமில் ஒவ்வொரு ஜிபியும் 107 கோடியே 37 லட்சம் பைட் சொச்சம். கேபி காலத்தில் வித்தியாசம் வெறும் 2.4 சதவீதம், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அது வட்டி குட்டி போடுவது மாதிரி ஏறிக்கொண்டே போனது: எம்பியில் 4.9, ஜிபியில் 7.4, டிபிக்கு வந்தபோது கிட்டத்தட்ட 10 சதவீதம்.

இதன் விளைவு தெரிய வேண்டுமென்றால், 1 டிபி டிஸ்க் ஒன்றைப் பிரிக்காமல் ஒரே பார்ட்டிஷனாக (ஒரே பகுதியாக) வைத்து, விண்டோஸில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் இடப்பக்கம் ஒரு லட்சம் கோடிக்கு மேல் பைட், வலப்பக்கம் 931 ஜிபி. இரண்டும் ஒரே அளவுதான், எதுவும் காணாமல் போகவில்லை. 1,000,204,886,016 பைட் உள்ள டிஸ்க்கை 1024-ஆல் மூன்று தடவை வகுத்தால் 931.5 வரும். லினக்ஸில் டிஸ்க்கைப் பகுதி பிரிக்க உதவும் எஃப்டிஸ்க் கட்டளை அதையே 931.51 ஜிஐபி என்று சரியான பெயரோடு காட்டும். டிஸ்க் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று திட்டுவது பழைய வழக்கம், அமெரிக்காவில் கோர்ட் வரைக்கும் போய் 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசம் செய்துகொண்டது. என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் தப்பு டிஸ்க்கில் இல்லை, திரையில்தான்.

ஆப்பிளின் மேக்கில் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டார்கள். அதனால் சரியாக 64 ஜிபி உள்ள பென் டிரைவ் மேக்கில் 64 ஜிபி, விண்டோஸில் 59.6 ஜிபி. புதுப் பெயர் கற்றுக்கொள்ளச் சொல்லாமல் அட்டையில் போட்ட எண்ணையும் திரையில் வரும் எண்ணையும் ஒன்றாக்கினார்கள் பாருங்கள், சாதாரண ஆளுக்கு அதுதான் தேவை.

கிபி, மெபி பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடம் ஆகியும் பேச்சில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் எழுத்தில், அதுவும் சர்வர் வேலை பார்க்கிறவர்களுக்கு, இது இல்லாமல் முடியாது. சர்வர்களில் ப்ரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் மெமரி வரம்புக்கு 512 எம் என்று போட்டால் 51 கோடியே 20 லட்சம் பைட், 512 எம்ஐ என்று போட்டால் 53 கோடியே 68 லட்சத்துக்கு மேல். லினக்ஸில் தகவலை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளை இன்னும் மோசம்: எம் என்றால் 1024 கணக்கு, எம்பி என்றால் 1000 கணக்கு. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையில் சின்ன ஹெச் போட்டால் 1024, பெரிய ஹெச் போட்டால் 1000. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கிறது, மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது வழிக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றுமில்லை. பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இருந்தது 14,74,560 பைட். 1000 கணக்கில் 1.47, 1024 கணக்கில் 1.41, 1.44 எங்கிருந்து வந்தது என்றால் 1440-ஐ 1024-ஆல் பெருக்கி அப்புறம் 1000-க்குத் தாவியிருக்கிறார்கள்! அடுத்து சிடி. 700 எம்பி என்று போட்டிருந்தது 1024 கணக்கு. அதே அளவு வட்டுதான் டிவிடி, அதன் 4.7 ஜிபி 1000 கணக்கு, விண்டோஸில் 4.38 ஜிபிதான் வரும். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 100 ஜிபிக்குப் பார்ட்டிஷன் போட நினைத்து 100000 எம்பி என்று அடித்தால் 97.6 சொச்சம்தான் கிடைக்கும், 102400 என்று அடிக்க வேண்டும்.

சரி, எதை எடுத்துக்கொள்வது? ஃபைல், டிஸ்க், பேக்கப் எல்லாவற்றுக்கும் 1000 போதும், மனக்கணக்கும் சுலபம். ரேம், சிப், மெமரி வரம்பு என்றால் 1024, ஆனால் எழுதும்போது அந்த ஐ-யை விடாதீர்கள். ப்ரோகிராம் எழுதுகிறவராக இருந்தால் உள்ளே எல்லாவற்றையும் முழு பைட்டாகவே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். 1000 கணக்கிலிருந்து மாற ஜிபியை 0.931-ஆல், டிபியை 0.909-ஆல் பெருக்கினால் 1024 கணக்கு வந்துவிடும்.

இணைய வேகத்தில் மட்டும் இந்தச் சண்டை கிடையாது, அங்கே எப்போதும் 1000-தான், ஆனால் பைட்டுக்குப் பதில் பிட், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பை 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. முழு வேகமும் கிடைத்தால் 4.7 ஜிபி ஃபைல் இறங்க 376 விநாடி ஆகும், அந்த 4.7 விண்டோஸ் காட்டிய 4.7 என்றால் 404 விநாடி.