இரண்டு வருடம் படித்த 'பொறுமை' புத்தகம்

தோழி ஒருத்தி கேட்டிருந்தாள்: "என் பையனுக்கு மூணு வயசாகுது. ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேங்கிறான். நீ வாங்கின படப்புத்தகம் நிஜமாவே உதவுச்சா?" ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போட முடியவில்லை.

மகளுக்கு மூன்று வயதில் வாங்கியது, இப்போது அவளுக்கு ஐந்து. வழக்கமான 32 பக்கம், தூக்கிப் பார்க்க ஆறு குட்டிக் கதவுகள். மழைக்காகக் காத்திருக்கும் ஒரு நத்தையின் கதை. படங்களில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஆகாதது கடைசிப் பக்கம். மழை வந்துவிட்டது, நத்தை நனைகிறது, கதை அங்கேயே நிறைந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தில், 'பொறுமையாக இருந்தால் எல்லாம் கிடைக்கும்' என்று போட்டிருக்கிறார்கள். இருநூறு தடவையாவது படித்திருப்பேன், இன்றைக்கும் அந்த வரி வந்தால் எரிச்சல் வருகிறது. எல்லாம் கிடைக்காது என்பது ஊஞ்சலுக்கு வரிசையில் நின்று, தன் முறை வருவதற்குள் வீட்டுக்கு இழுத்து வரப்பட்ட குழந்தைக்குத் தெரியாதா? "பொறுமைன்னா என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். விளக்கினேன். மறுநாளும் அதே ஊஞ்சல், அதே அழுகை.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடுப்பக்கங்களில் இருந்தது. தாள் திருப்பும் இடத்தில் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். 'நத்தை தலையை நீட்டிப் பார்த்தது. அங்கே...' அவ்வளவுதான், மீதி அடுத்த பக்கத்தில். ஆரம்பத்தில் நான் படித்து முடிப்பதற்குள் அவள் விரல் வலது மூலைக்கு அடியில் நுழைந்துவிடும். அந்த மூலைகள் எல்லாம் நைந்து பஞ்சாகிக் கிடப்பது அதனால்தான். நான் திட்டவில்லை, அங்கே வந்ததும் குரலை இறக்கி ஒரு மூச்சு நேரம் நிறுத்துவேன். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நான் சட்டென்று திருப்பப் போனேன். அவள் உள்ளங்கையைத் தாளின் மேல் அழுத்தி, "இரும்மா, இன்னும் திருப்பாதே" என்றாள். 32 பக்கப் புத்தகத்தில் பதினைந்து தடவை இப்படிக் காத்திருக்கலாம், ஒரு தடவைகூட அடுத்த பக்கம் ஏமாற்றாது.

இதைச் சொல்லும்போது அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது, 2013இல் வெளியானது. 3 முதல் 5 வயது வரையான 28 குழந்தைகள். நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டு வருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குக் கொண்டு வந்தார், மீதிப் பேரிடம் 'இல்லை' என்று கைவிரித்தார். அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ என்கிற மெத்தென்ற மிட்டாய் ஒன்றை முன்னால் வைத்து, 'இப்போது சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்' என்கிற பிரபலமான சோதனை. சொன்ன சொல் நிறைவேறிய குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்.

படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. "போன் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எத்தனை நாள் வராமலே இருந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் முடியாது என்றால் முடியாது என்றே சொல்கிறேன். வருகிறேன் என்றால் போகிறேன். ஊஞ்சல் அழுகை குறைந்தது அதற்கப்புறம்தான், புத்தகம் வந்து ஒரு வருடத்துக்கும் மேலே.

போன மாதம் நான்காவது கதவு கிழிந்தே போனது. பசை தடவி மேலே கனமான அகராதியை வைத்து, "காலைலதான் திறக்கணும்" என்றேன். படுக்கப் போகும்வரை நாலு தடவை போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அகராதியைத் தொடவில்லை.

அதனால் தோழிக்கு என் பதில்: பையனுக்குப் பொறுமை வரவேண்டும் என்பதற்காக இதை வாங்காதே. அட்டையில் 'பொறுமை' என்று அச்சடித்த எதையுமே வாங்காதே. பாதி வாக்கியத்தில் தாள் திரும்புகிற கதை எதுவானாலும் போதும். எங்கள் புத்தகத்தை இரவல் கேட்காதே, தரமாட்டேன். கடைசிப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டேன். மகள் அதில் மழை வரைந்துகொண்டிருக்கிறாள், ஒரு நாளைக்கு நாலைந்து துளியாக.