வாஷிங்டனா, சவுத் டகோட்டாவா?

1942 நவம்பர் 14 நள்ளிரவு, பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவருகே வாஷிங்டன், சவுத் டகோட்டா என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஜப்பானியப் படையை எதிர்கொண்டன. இரண்டில் எது சிறந்தது? இரண்டிலும் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகள். பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அன்றிரவு நடந்ததோ நேரெதிர்.

சவுத் டகோட்டாவில் சண்டை நடுவே மின்சாரம் போய்விட்டது. ரேடார் இல்லை, கப்பலே குருடாகிவிட்டது. போதாக்குறைக்கு, எரிந்துகொண்டிருந்த நாசகாரிக் கப்பல்களுக்கு முன்பக்கமாகத் திரும்பியதால், அந்த வெளிச்சத்தில் எதிரிக்குப் பளிச்சென்று தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் அதன்மேல் விழுந்தன, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

வாஷிங்டன் அதே தீக்குப் பின்பக்கமாகப் போய் இருட்டில் மறைந்தது. அதில் இருந்த அட்மிரல் வில்லிஸ் லீ ரேடாரைக் கரைத்துக் குடித்தவர். (1920 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் ஏழு பதக்கம் வாங்கியவரும் அவரே!) ஜப்பானியர் சவுத் டகோட்டாவையே குறிவைத்திருக்க, சுமார் 8 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வாஷிங்டன் சுட்டது. சில நிமிடங்களில் ஜப்பானியப் போர்க்கப்பல் கிரிஷிமா செயலிழந்தது, விடிவதற்குள் மூழ்கியது. வாஷிங்டனுக்குச் சேதம் இல்லையென்றே சொல்லலாம்.

சரி, சவுத் டகோட்டா மோசமான கப்பலா? அப்படிச் சொல்ல முடியாது. மூன்று வாரம் முன்பு சாண்டா குரூஸ் போரில் ஜப்பானிய விமானத் தாக்குதலிலிருந்து எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைக் காத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விமான எதிர்ப்பு என்றால் நான் இதையே சொல்வேன். இரவுச் சண்டைக்கு வாஷிங்டன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் திரும்பியதும் பத்திரிகைகளில் புகழை அள்ளியது சவுத் டகோட்டாதான். வாஷிங்டன் மாலுமிகளுக்கு அது எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.