துண்டா, ஹார்னஸா, வீல்சேரா? பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு எது சரி

வயதான நாய் எழுந்திருக்கத் தடுமாறியதும் பலர் நேராக வீல்சேர் விலை பார்க்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நாய் நடக்க மறுப்பது வலியாலா, பலமில்லாததாலா? மூட்டுத் தேய்மானம் என்றால் தூங்கி எழுந்ததும் நொண்டும், நாலடி நடந்ததும் கொஞ்சம் இளகும். நரம்புக் கோளாறு என்றால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்கும், நடு இரண்டு நகங்கள் மட்டும் தேய்ந்திருக்கும். நாயை நிற்க வைத்து, பின் பாதத்தை மடக்கி அதன் மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நரம்புள்ள நாய் உடனே பாதத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பாமல் அப்படியே நின்றால் கால்நடை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நேற்று வரை ஓடிய நாயின் பின்னங்கால் இன்று திடீரென விழுந்துவிட்டதா? எந்த உபகரணமும் தேடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி தாங்குவதற்கு எது?

துண்டுக்குச் செலவே இல்லை. பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றடியில் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்தால் போதும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களுக்கு இது தாராளம். மாதக்கணக்கில் என்றால் வேண்டாம். துண்டு சுருண்டு கயிறாகி வயிற்றையும் மூத்திரப்பையையும் அழுத்தும். ஆண் நாய் என்றால் சிறுநீர் முழுக்கத் துண்டில்தான். பெரிய நாயாக இருந்தால் அதற்கு முன் உங்கள் இடுப்பு போய்விடும்.

என் ஓட்டு பின்பக்க ஹார்னஸுக்கு. குழந்தையின் ஜட்டி மாதிரி இரண்டு கால்களுக்கும் துளை வைத்து, இடுப்பெலும்பை அடியிலிருந்து ஏந்தும். முதுகுக்கு மேலே கைப்பிடி. நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே சுமக்கின்றன. அதனால் பின்பக்கத்துக்கு லேசான தாங்கல் போதும், பாதம் தரையைத் தொட்டபடியே இருக்கட்டும். மிச்சமிருக்கும் தசைக்கும் வேலை கிடைக்கும். வீல்சேர் போகாத படிக்கட்டிலும் காரிலும் இது உதவும். முன்பக்கமும் தளர்ந்த நாய்க்கு இரண்டு கைப்பிடியுள்ள முழு ஹார்னஸ் இருக்கிறது. குறை என்றால் தொடையிடுக்கில் பட்டை உராய்ந்து புண்ணாவதுதான். நாய் படுத்ததும் கழற்றிவிடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள்.

வீல்சேரைக் கடைசிக் கட்டத்துக்கு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதுதான் சிக்கல். நாய் வீல்சேர் என்பது பின்பக்கத்தைத் தாங்கும் இரண்டு சக்கர வண்டி, அதை முன்னங்கால்தான் இழுக்க வேண்டும். டிஜெனரேட்டிவ் மைலோபதி போல வலியே இல்லாமல் மெல்ல மெல்லப் பின்பக்கத்தை முடக்கும் நோயில், முன்னங்கால் வலுவாக இருக்கும்போதே பழக்கினால்தான் பயன். தாமதித்தால் நான்கு சக்கர வண்டி தேவைப்படும். அதில் திரும்புவதும் கஷ்டம். அளவு முக்கியம்: வண்டியில் நிற்கும்போது முதுகு மட்டமாக இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். ஆரம்பத்தில் ஐந்து, பத்து நிமிடம் போதும். வண்டியிலேயே மலஜலம் கழிக்கலாம், ஆனால் படுக்க முடியாது. ஆகவே மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது. மூட்டுவலி நாய்க்கு, நடக்கத் தெம்பு இருக்கும்வரை, நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், இந்த மூன்றையும்விட முதலில் செய்ய வேண்டியது வழுக்கும் தரையில் தரைவிரிப்புகளைத் தொடர்ச்சியாக விரிப்பது. வீட்டுக்குள் பாதித் தடுமாற்றம் தரையால்தான். குண்டு நாய்க்கு எடைக் குறைப்பும் அப்படியே. உடல் எடையில் ஆறு சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே நொண்டல் குறைவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 30 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோகூட இல்லை. வலிக்கு மருத்துவர் தரும் மாத்திரை மட்டுமே. வீட்டில் இருக்கும் இப்யூபுரூஃபனோ பாராசிட்டமாலோ நாய்க்கு விஷமாகலாம்.

காரில் ஏற்றச் சின்னப் படிகளா, சாய்தளமா என்றால் சாய்தளம். அகலமாக, ஆடாமல், சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆட்டம் கண்டுவிட்டால் அப்புறம் எந்தத் தின்பண்டம் காட்டினாலும் நாய் அதில் கால் வைக்காது.