மாஸ் முதல் லில்லி வரை: 12 ஸ்லைடு பெட்டி பற்றி ஒரு ஆசிரியரின் மதிப்பீடு

தாவர இனப்பெருக்கத்தைப் பாடமாக எடுப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். குறைகள் உண்டு, அதில் ஒன்று பெரிய குறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாஸ் (பாசிச் செடி), பெரணி, சைகஸ் (பனை போலத் தோன்றும், பூக்காத விதைத் தாவரம்), பைன், லில்லி என்று நுண்ணோக்கியில் பார்க்க 12 நிரந்தர ஸ்லைடுகள், கூடவே ஒரு சின்னக் கையேடு. நான் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். பரிணாமம் என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் அதைப் பெயர்ப்பட்டியலாகத்தான் எழுதிக்கொள்கிறார்கள். இந்த ஸ்லைடுகளை வரிசையாக வைத்தால் நான் பேசவே வேண்டியதில்லை. கேமீட்டகத் தாவரம் (விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்கும் தலைமுறை) படிப்படியாகச் சுருங்குவதையும், விந்தணு நீந்திப் போகத் தண்ணீர் தேவைப்படுவது கடைசியில் இல்லாமலே போவதையும் அவர்களே பிடித்துவிடுகிறார்கள்.

மாஸில் நாம் பார்க்கும் பச்சைச் செடியே கேமீட்டகத் தாவரம்தான். அதன் நுனியில் ஆந்தரீடியங்கள் (விந்தணு தரும் ஆண் உறுப்புகள்) கதாயுதம் போல நிமிர்ந்து நிற்பது குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. பெட்டியிலேயே அழகானது பெரணியின் புரோதாலஸ், அதாவது அதன் கேமீட்டகத் தாவரம். வெட்டாமல் முழுதாகப் பதித்திருக்கிறார்கள். சில மில்லிமீட்டர் அகலமுள்ள இதய வடிவத் தகடு. உள்வளைவுக்குப் பக்கத்தில் ஆர்க்கிகோனியங்கள் (முட்டை உள்ள பெண் உறுப்புகள்), வேரிழைகளுக்கு நடுவே ஆந்தரீடியங்கள். பெரிய பெரணிச் செடிக்கு இதுதான் தாய் என்று சொன்னால் நம்பாத பிள்ளைகள், இதைப் பார்த்ததும் லென்ஸை விட்டு நகர மாட்டார்கள்.

சைகஸ் ஸ்லைடுகள் சுமார்தான். ஆனால் இந்த இடத்தில் கையேடு கோட்டைவிட்ட விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சைகஸில் மகரந்தம் சூலுக்குள் (பின்னால் விதையாகும் பகுதி) வந்து சேர்ந்து, குழாயை வேர் மாதிரி ஊன்றி உணவெடுத்து, கடைசியில் நீந்தும் விந்தணுக்களை வெளியே விடுகிறது. 1896இல் ஜப்பானில் ஹிராசே என்பவர் ஜின்கோ மரத்திலும் இகெனோ என்பவர் சைகஸிலும் இந்த நீந்தும் விந்தணுக்களைக் கண்டார்கள். மகரந்தமும் உண்டு, நீச்சலும் உண்டு! பழைய வழியும் புதிய வழியும் ஒரே மரத்தில் இருக்கின்றன. இதைப் பற்றி ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை.

பைனில் மகரந்தத்தின் இரு காற்றுப்பைகளும் பளிச்சென்று விழுகின்றன. பெண் கூம்பு ஸ்லைடில் மட்டும் கவர் ஸ்லிப்புக்கு அடியில் காற்றுக்குமிழி இருந்தது. கேட்டதும் மாற்றித் தந்தார்கள். சாயம் எல்லா ஸ்லைடுகளிலும் நன்றாகவே ஏறியிருக்கிறது.

லில்லி சூலகத்துக்கு வருவோம். தாவரவியலாளர் நவாஷின் 1898இல் இரட்டைக் கருவுறுதலை (ஒரு விந்தணு முட்டையோடும் இன்னொன்று துருவ நியூக்ளியஸ்கள் என்ற இரண்டோடும் சேர்வது) கண்டது லில்லியிலும் அதன் உறவான ஃப்ரிடில்லேரியாவிலும்தான். நியூக்ளியஸ்கள் பெரியவை என்பதால் ஸ்லைடு செய்பவர்களுக்கும் இது வசதி. ஆனால் லில்லி வழக்கமான பாதையில் போவதில்லை. பெரும்பாலான பூக்களில் நான்கு மெகாஸ்போர்களில் (பெண் கேமீட்டகத் தாவரமாக வளரும் ஸ்போர் செல்கள்) மூன்று அழிந்து ஒன்றுதான் வளரும். லில்லியில் நான்கு நியூக்ளியஸ்களும் பங்கெடுக்கின்றன. அதனால் துருவ நியூக்ளியஸ்களில் ஒன்று மும்மடியமாக (மூன்று தொகுதி குரோமோசோம்களோடு) இருக்கும்; இன்னொன்றும் விந்தணுவும் சேரும்போது கருவூண் (வளரும் கருவுக்கு உணவாகும் திசு) ஐம்மடியமாகிறது. கையேடோ இந்த ஸ்லைடுக்குக் கீழேயே கருவூண் மும்மடியம் என்று அச்சிட்டிருக்கிறது. பொதுவிதி சரிதான், காட்டிய செடிதான் பொருந்தவில்லை. கவனமாகப் பார்க்கிற மாணவருக்குத்தான் இதனால் குழப்பம். அடுத்த பதிப்பில் கட்டாயம் திருத்த வேண்டும்.

சரி, அந்தப் பெரிய குறை: பெரணி போலவே விதையில்லாமல் ஸ்போரால் பெருகும் சிறு செடியான செலாஜினெல்லா இல்லை. பெரணிக்கு அடுத்து நேராக சைகஸ் என்றால் விதை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. செலாஜினெல்லாவில் ஸ்போர் இரண்டு வகை. மெகாஸ்போரின் சுவருக்குள்ளேயே பெண் கேமீட்டகத் தாவரம் வளர்கிறது. வேறொரு தாவர வம்சத்தில், இப்படிப்பட்ட மெகாஸ்போரைத் தாய்ச்செடி உதிர்க்காமல் வைத்துக்கொண்டு மேலே உறையும் போர்த்தியபோதுதான் சூல் உருவானது. பெல்ஜியத்தில் கிடைத்த ருன்காரியா என்ற புதைபடிவத்தில் அந்த மாற்றத்தின் தொடக்கநிலை தெரிகிறது. வயது சுமார் 38.5 கோடி ஆண்டுகள்.

வாங்குபவர்கள் செலாஜினெல்லா கூம்பின் நீள்வெட்டு ஸ்லைடைத் தனியாக வாங்கி, பெரணிக்கும் சைகஸுக்கும் நடுவில் வையுங்கள். ஒரு பையில் பெரிய ஸ்போர்கள் சிலவும் மற்றொன்றில் பொடி ஸ்போர்கள் நிறையவும் தெரிகிற வெட்டாகப் பார்த்துக் கேளுங்கள். ஒரு வகை மட்டும் விழுந்த ஸ்லைடு வேண்டாம்.