12 வாரச் சீஷத்துவ வகுப்பு: முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. பாடப்புத்தகத்துக்கு மட்டும் போடச் சொன்னால் இரண்டுக்கு மேல் கை வராது. மிச்சம் ஒன்றரையும் வாராவாரம் கொடுத்த வீட்டுவேலைக்கும், அதைச் செய்தேனா என்று விசாரிக்க என்னோடு ஜோடி சேர்த்துவிட்ட பிரதருக்கும்தான்.

எந்தச் சபை என்று சொல்லவில்லை. இயேசுவின் சீஷராக, அதாவது அவர் சொன்னபடி வாழ, பழக்கும் இந்த மாதிரி வகுப்பு எத்தனையோ சபைகளில் நடக்கிறது. எங்கள் வகுப்பில் எட்டுப் பேர், ஒரு தலைவர், வாரம் ஒரு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அப்புறம் கோடிட்ட இடங்களை நிரப்பும் புத்தகம் ஒன்று.

புத்தகத்தில் வசனத்தைப் பார்த்து விட்டுப்போன வார்த்தையை எழுத வேண்டும், அவ்வளவுதான். வகுப்புக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து மொத்தத்தையும் நிரப்பிய வாரங்கள் உண்டு, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கூடவே ஒரு ஆப் வேறு. ஜெபித்தாயா, வேதம் வாசித்தாயா என்று தினமும் டிக் போட வேண்டும், ஒருநாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். 31 நாள் விடாமல் வந்தது போய்விடுமே என்று ஒரு ராத்திரி அரைத்தூக்கத்தில் எழுந்து, ஜெபிக்காமலே டிக் போட்டுவிட்டுப் படுத்தேன். சீஷத்துவ ஆப்பில் பொய்! மறுநாள் அதை நீக்கிவிட்டேன், அதற்குப் பிறகுதான் ஜெபம் கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது.

வகுப்பு சூடுபிடித்தது மூன்றாவது வாரத்தில். மத்தேயு 5:23, 24. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிற பகுதி. சின்ன வயசிலிருந்து கேட்டதுதான், எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைவர் விளக்கமே சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "ஒரே ஒரு பேர் எழுதுங்க, எனக்குக் காட்ட வேண்டாம். அடுத்த வாரத்துக்குள்ள பேசிட்டு வாங்க. மெசேஜ் கணக்குல சேராது" என்றார்.

நான் எழுதியது கூடப்பிறந்த அண்ணன் பெயர். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எல்லோர் முன்னாலும் நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். ஆறு நாள் தள்ளிப்போட்டேன். ஏழாவது நாள், வகுப்புக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது போன் போட்டேன். எடுத்ததும் அவர் கேட்டது, "யாருக்கு என்னடா ஆச்சு?" சாவுச் செய்தி சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "ஒன்னும் ஆகலண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். அதற்கடுத்துச் சொல்லத் தயாராக வைத்திருந்த 'ஆனா நீங்களும்' என்ற பாதியை எப்படியோ விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, விடு" என்றார், பத்து நிமிஷம் தன் முட்டிவலியைப் பற்றியே பேசினார். இன்னும் பேச மாட்டாரா என்று இருந்தது.

புத்தகம் தவறவிடுவது இதைத்தான். மத்தேயு 28இல் இயேசு சொல்லும் 'சீஷராக்கி' என்பதோடு சேர்ந்து வருவது, கட்டளையிட்ட யாவையும் 'கைக்கொள்ளும்படி' உபதேசம்பண்ணுங்கள் என்பது. தெரிந்துகொள்ளும்படி என்று அங்கே இல்லை. கிரேக்கத்தில் சீஷனுக்குள்ள சொல் 'மதேட்டேஸ்', கற்றுக்கொள்பவன் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அது ஆசானோடு கூடவே நடந்து, சாப்பிட்டு, அவர் செய்வதைப் பார்த்துப் பழகுவது. 'கிறிஸ்தவர்' என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது, சீஷர் என்பது 250 தடவைக்கு மேல். அந்தியோகியா என்ற ஊரில் சீஷர்களாக இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயரே வந்தது. நாமோ முதலில் பெயரை வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறோம்.

பணத்தைப் பற்றிய வாரமும் அருமை. ஒரு மாதச் செலவை ஒளிக்காமல் எழுதி, வரி வசூலிப்பவனான சகேயு இயேசுவைச் சந்தித்த கதையை வாசித்த பிறகு அதை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை, கணக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. என் தாளைப் பார்த்தபோதுதான், நண்பனிடம் கைமாற்றாக வாங்கி வசதியாக மறந்துபோன தொகை ஞாபகம் வந்தது. நாலத்தனை எல்லாம் இல்லை, வாங்கியதைக் கொடுத்தேன்.

ஜோடி ஏற்பாடு புதுசு இல்லை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று வைத்து, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிப்பது என்று முடிவு செய்தார்கள். வசூலுக்கு வீட்டுக்குப் போனால் ஒருவர் மனைவியோடு சண்டையில் இருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். அவர்களுடைய தலைவர் ஜான் வெஸ்லி அதைக் கேட்டுவிட்டு, இத்தனை நாளாகத் தேடியது இதைத்தான் என்று அந்த ஏற்பாட்டையே ஆத்தும விசாரிப்புக்கு மாற்றினார். கடன் வசூலில் பிறந்த விஷயம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரிய குறை ஒன்பதாவது பாடம். வேலை மாறுவதோ கல்யாணமோ, தலைவரிடம் அனுமதி கேட்காமல் முடிவெடுப்பது கீழ்ப்படியாமை என்று எழுதியிருக்கிறது. ஆலோசனை கேட்பது வேறு, அனுமதி வேறு. 1970களில் அமெரிக்காவில் 'மேய்ப்பு இயக்கம்' என்று ஒன்று கிட்டத்தட்ட இதே பாதையில் போய்ப் பலரைக் காயப்படுத்தியது, அதை நடத்தியவர்களில் ஒருவரே பிறகு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர், நீங்கள் எல்லாரும் சகோதரர் என்ற மத்தேயு 23:8ஐ நான் எடுத்துக் காட்டியபோது, எங்கள் தலைவர் அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டார். நல்ல மனுஷர். எல்லாத் தலைவரும் அப்படித் தாண்டுவார்களா என்பதுதான் என் பயம், அதனால் சேருமுன் அந்தப் பாடத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.

வேத அறிவு வளர வேண்டும் என்று மட்டும் போகிறவர்களுக்கு இது வேண்டாம், சலித்துப்போகும். வீட்டுவேலையைச் செய்ய மனசிருந்தால் தாராளமாகப் போகலாம். வகுப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, பிரதர் இன்னும் புதன்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். "எப்படி இருக்கீங்க" எல்லாம் கிடையாது, "சொன்னதைச் செஞ்சீங்களா பிரதர்?" என்றுதான் ஆரம்பிப்பார். இன்றைக்குச் செவ்வாய், இன்னும் செய்யவில்லை.